எண்ணும் எழுத்தும்: கணக்குப் பகுதி தேறுகிறதா?

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்து, அடுத்த கல்வியாண்டில் 4, 5-க்கும் நீண்ட, அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் திட்டம் 'எண்ணும் எழுத்தும்'. வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறது. கணக்குக்கு இதுதான் சரி. ஒற்றை இலக்கக் கூட்டலில் தடுமாறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஓதிப் பயனில்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 24-இன்படி ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தருவது ஆசிரியரின் கடமை. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டே ஆசிரியர் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! பல வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும் அந்த இடத்தில்தான் நிலைப்பிரிப்பு நன்றாக வேலை செய்கிறது.

சறுக்குவது மதிப்பீட்டில். 52-இல் 27 போனால் 35 என்று ஒரு பிள்ளை எழுதும். இன்னொன்று 24 என்று எழுதும். மதிப்பெண்ணில் இரண்டும் சுழியம். முதல் பிள்ளை பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறது; கடன் வாங்குவது புரியவில்லை. அதற்கு ஐந்து பத்துக்குச்சிக் கட்டும் இரண்டு தனிக்குச்சியும் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கவைக்க வேண்டும். இரண்டாவது, எண்ணுகையில் ஒன்று தவறியிருக்கலாம். கொஞ்சம் பயிற்சி போதும். ஆசிரியர் செயலியில் பதிவேற்றும் மதிப்பெண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இடமதிப்பில் தமிழ் எண்பெயர் ஒரு வசதி: இருபத்தொன்று, முப்பத்தொன்று என்று தன் பொருளைத் தானே சொல்லும். கண்ணி வைப்பது தொண்ணூறும் தொள்ளாயிரமும். முன்னதில் 'நூறு', பின்னதில் 'ஆயிரம்' காதில் விழுகிறது. 'நூற்று இருபத்தைந்து' என்றால் 10025 என்று எழுதுவது வேறு சிக்கல். 100, 20, 5 என்ற அட்டைகளை வலது ஓரம் சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 125 கண்ணுக்குத் தெரியும். பழைய காலண்டர் அட்டை போதும்.

பயிற்சிநூல் நிறைந்திருப்பதை வைத்து எடைபோடாதீர்கள். கரும்பலகையைப் பார்த்தும் நிரப்பலாம். குச்சிகளைக் கையில் கொடுத்து 52-27 செய்யச் சொல்லுங்கள். கட்டைப் பிரிக்கிறதா என்று பாருங்கள்.