ஆணி அடித்த மருமகள்: எல்லைப்புறப் பாவைக்கூத்து ஒன்றின் மதிப்புரை

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கத்துக் கோயில் கொடைகளுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் வந்து ஆடிக்கொடுக்கும் தோற்பாவைக்கூத்துக் குழு ஒன்று, வழக்கமான இராமாயணத்தையும் நல்லதங்காளையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நீலி கதையைத் தலைகீழாகப் புரட்டி நகைச்சுவைக் கூத்தாக நடத்தி வருகிறது. குழுவை அழைக்க நினைக்கும் விழாக் குழுவினருக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முற்பகுதிக்காகவே தாராளமாக அழைக்கலாம், கடைசிப் பகுதியைச் சுருக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீலியை இந்தப் பக்கத்தில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நகைக்காகக் காதலனால் காட்டில் கல்லைப் போட்டுக் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் துரத்திச் சென்று, கள்ளிக்கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவனே என் கணவன் என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டுப் பழிதீர்க்கும் கதையை வில்லுப்பாட்டில் கேட்டே வளர்ந்திருக்கிறோம். முப்பந்தலில் இசக்கியாகக் கும்பிடப்படுபவளும் அவளே. எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் யட்சி என்ற பெண்பேயும், மந்திரவாதிப் பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் தலையில் ஆணி அடித்து அடக்கிய யட்சியும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டம் இது என்பதால் இரு கதைகளும் இங்கே கலந்தே பேசப்படுகின்றன. ஆகையால் குழு இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருப்பது ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை.

கூத்து இலேசாகத்தான் தொடங்குகிறது. பனையடியில் நிற்கும் நீலி வருவோர் போவோரிடமெல்லாம் "சுண்ணாம்பு உண்டுமா?" என்று கேட்கிறாள், வெற்றிலை போடுகிறவர் ஒருவரும் இல்லை. ஒருவன் பாக்குப் பொட்டலத்தை நீட்டுகிறான். பாவைக்கூத்தின் கோமாளியான உச்சிக்குடும்பனோ சுவருக்கு வெள்ளையடிக்கக் கலக்கிவைத்த வாளியையே தூக்கி வந்து கொடுத்துவிட்டுக் கூலி கேட்கிறான். பிறகு மந்திரவாதி வந்து ஆணி அடிக்கிறார். பழைய கதையில் ஆணி இறங்கியதும் யட்சி அடங்கிய பெண்ணாகி வீட்டு வேலை செய்வாள் என்று ஒரு வரி வரும்; கேட்பவர்கள் அதைக் கடந்து போய்விடுவோம். இக்குழு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுக் கூத்தையும் கட்டியிருக்கிறது. கல்யாணத் தரகனாக வரும் இன்னொரு கோமாளி உளுவத்தலையன், "சமைக்கும், எதிர்த்துப் பேசாது, ஆணி நம்ம செலவு" என்று வீடு வீடாக யட்சி மருமகள்களுக்கு இடம் பேசுகிறான். மாமியார் தினமும் காலையில் விரலால் தடவிப் பார்த்து, ஆணி சற்று உயர்ந்திருந்தால் அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். யட்சிகள் தீர்ந்துபோன பின், பெற்ற பெண்களையே கூட்டிக்கொண்டு ஊரார் மந்திரவாதியின் வாசலில் வரிசையில் நிற்கும் இடத்தில், அதுவரை வாய்விட்டுச் சிரித்த பந்தலில் சிரிப்பு பாதியில் நின்றது.

பேன் பார்க்கும்போது கிழவி ஒருத்தி ஆணியைக் கண்டு தெரியாமல் பிடுங்கிவிடுவது கத்தனார் கதையின் திருப்பம். இங்கே கிழவி தெரிந்தேதான் பிடுங்குகிறாள். தன் நரைத்த கொண்டையைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் இங்க ஒண்ணு கெடக்கு மக்ளே, துருப்பிடிச்சுப் போச்சு" என்று அவள் சொல்லும் இடம் இக்கூத்தின் உச்சம். பேய்க்கதையைக் கேலி செய்ய முனைபவர்கள் பெரும்பாலும் பேயைக் கோமாளியாக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் பயமும் போய்விடுகிறது, அதைப் புரட்டிப் பார்க்கும் சுவையும் போய்விடுகிறது. இக்குழு கதையின் சட்டங்களில் எதையும் மாற்றவில்லை: ஆணி இறங்கினால் அடங்கத்தான் வேண்டும், பிடுங்கினால் எழத்தான் வேண்டும். யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை மட்டுமே மாற்றியிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் மாமியாருக்கும் தரகனுக்கும் கிழவிக்கும் குரல் கொடுக்கிறார் என்பது, கூத்து முடிந்து அவர் வெளியே வரும்வரை எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் ஆணி கழன்ற பிறகு கூத்துக்கும் பிடி கழன்றுவிடுகிறது. எழுந்து நிற்கும் நீலி என்ன செய்வாளோ என்று பந்தலே காத்திருக்க, அவள் எல்லோரையும் மன்னித்துப் பெண் கல்வியைப் பற்றி நீண்ட உரை ஆற்றுகிறாள். நடுநடுவே சினிமா வசனம் வேறு. உரையில் குற்றமில்லை, ஆனால் நீலிக்கு அது பொருந்தவில்லை. காட்டில் நடந்த முதல் கொலையையும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவள் கோபத்தின் வேரே அதுதான் என்பதால் அதற்கு ஒரு காட்சியாவது ஒதுக்கியிருக்க வேண்டும். கள்ளிக்கொப்புக் குழந்தையை ஏந்தி வழக்குரைக்கும் இடம் அவசரமாக வந்தாலும், பெரியவராக அமர்ந்திருக்கும் உச்சிக்குடும்பன் குழந்தையின் கன்னத்தைத் தடவி, கையில் முள் குத்தியும் "அப்பன் சாயல்தான்" என்று தீர்ப்புச் சொல்வது நல்ல வேடிக்கை.

திரை சிறியது; ஆகையால் நூறு பேருக்கு மேல் கூடும் இடத்தில் பின்வரிசையினர்க்கு வெறும் நிழலாட்டமே தெரியும். ஒலிபெருக்கியில் மிருதங்கத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், கிழவியின் பேச்சு அதில் அமுங்குகிறது. எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்து வந்திருந்த மலையாளிகளும் சிரமமின்றிச் சிரித்தார்கள் என்பதால் மொழி தடையாக இராது. சிறு குழந்தைகளுக்கு ஆணிக் காட்சி ஏற்றதல்ல. இசக்கியம்மன் கொடைக்கு அழைப்பவர்கள் கதை எப்படிப் போகும் என்பதைக் கோயில் பூசாரியிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, பிறகு முன்பணம் கொடுப்பது நல்லது.