எழுபதுக்குள் ஓர் உற்சாகம்: பழைய கொரோல்லா 110இல் செய்த சின்ன மாற்றங்கள்

திருகோணமலையில் எங்கள் வீட்டுக் கார் டொயோட்டா கொரோல்லா 110, 1998 மொடல். 1498 சிசி 5ஏ-எஃப்இ எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், வெள்ளை நிறம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது, இதைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் புதிதாக ஒன்று எடுக்கலாம் என்ற யோசனையில் இருந்தேன். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பழைய கார்களின் விலை மேலே போனது. 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது, அடுத்த மாதம் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் ஓர் ஆசிரியர் சம்பளத்துக்குக் கிட்ட நெருங்க முடியாது. சரி, இருக்கிற காரையே ஓட்ட ஆசை வரும்படி செய்வோம் என்று இறங்கினேன். அந்தச் சில வருட அனுபவம்தான் இது.

நிபந்தனைகள் மூன்று. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் காரின் உயரத்தைக் குறைக்க முடியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வண்டி, அதனால் நாட்கணக்கில் கராஜில் நிற்க முடியாது. மூன்றாவது காசு.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வந்தது. இங்கே ஊர்மனைக்குள் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70தான் வேக எல்லை. 100இல் போக அதிவேகப் பாதை வேண்டும், அது திருகோணமலைக்கு இல்லை. ஆக, நிலாவெளிப் பக்கம் போனாலும் கந்தளாய்ப் பக்கம் போனாலும் நான் ஓட்டப்போவது 70க்குள்தான். அந்த வேகத்துக்கு இந்த எஞ்சின் தாராளம். எஞ்சினுக்கு லட்சக்கணக்கில் கொட்டினால் அந்த இலாபத்தை எங்கே கொண்டுபோய்ப் பார்ப்பது? 50இல் உவர்மலை ஏற்றத்தில் திரும்பும்போதும், 70இல் இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டிக் குச்சவெளிக்குப் போகும்போதும் கார் கைக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதில்தான் ரசனை இருக்கிறது. ஸ்டியரிங், பிரேக், கியர், இருக்கை, டயர். காசு போகவேண்டிய இடங்கள் அவைதான்.

எனக்கு முன் காரை வைத்திருந்தவர் வேறு மாதிரி யோசித்திருந்தார். கூம்பு வடிவ எயார் ஃபில்டர் ஒன்றும், குடம் போன்ற சைலன்சர் ஒன்றும் பூட்டியிருந்தார். கூம்பு ஃபில்டர் பார்க்க நன்றாக இருக்கும், உறிஞ்சும் சத்தமும் கேட்கும். ஆனால் அது பொனட்டுக்குள் கொதிக்கும் காற்றை இழுக்கிறது. கம்பனி ஃபில்டர் பெட்டியோ முன்பக்கமிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. சூடான காற்றில் ஒட்சிசன் குறைவு, இழுவையும் குறைவு. கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் ஏசியும் போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் காலிலேயே தெரியும். நான் கராஜில் ரேஸ் கதை கதைத்தபோது கராஜ்கார அண்ணன் சொன்னது: “சேர், சத்தத்தைக் கூட்டுறது லேசு. முதல்ல இருக்கிற சத்தங்களைக் குறைப்பம்.” பழைய கம்பனிப் பெட்டியைப் பழைய சாமான் கடையில் எடுத்துப் பூட்டினோம். சைலன்சரும் மாறியது. 2025 ஜனவரியில் பொலிஸார் சத்தமான சைலன்சர், மேலதிக விளக்கு, ஹோர்ன் எல்லாவற்றையும் தேடிக் கழற்றத் தொடங்கியபோது நான் நிம்மதியாக அனுராதபுரச் சந்தியைத் தாண்டிப் போனேன்.

அடுத்து புஷ்கள், அதாவது இரும்புப் பாகங்கள் சேரும் இடங்களில் இருக்கும் றப்பர் உறைகள். இதைப் பற்றிக் கதைக்க யாருக்கும் விருப்பமில்லை, படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லையே. ஆனால் கால் நூற்றாண்டு வயதான காரில் மிகப்பெரிய மாற்றம் இங்கேதான். முன் லோவர் ஆர்ம் புஷ், பின்பக்கத் தடிகளின் புஷ், ஸ்டியரிங் ரக் புஷ், எஞ்சின் மவுன்ட். றப்பர் காய்ந்து வெடித்தால் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சில்லு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். புதிய புஷ் போட்டதும் அந்த யோசனை இல்லாமல் போகிறது. பொலியுரேதேன் புஷ் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் இறுக்கமாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் நமது ரோட்டின் ஒவ்வொரு கல்லும் அம்மாவின் முழங்காலுக்கு அறிவிக்கப்படும். நல்ல றப்பரே போதும்.

இந்தக் காரின் ஒரு சிறப்பு பலருக்குத் தெரியாது. 110இல் பின்சில்லுகள் இரண்டும் தனித்தனியாக இயங்கும் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் சொக்கும் சேர்ந்த தாங்கி) அமைப்பு. இதற்கு அடுத்து வந்த 121இல் செலவைக் குறைத்து, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் டோர்ஷன் பீமுக்குப் போய்விட்டார்கள். ஆகவே பின்பக்கத்தைச் சரியாக வைத்திருந்தால் இந்தப் பழைய கார் வளைவில் நல்ல பிள்ளை.

அந்தப் பின்பக்கத்தில்தான் நான் செய்த ஒரேயொரு ‘உண்மையான’ மொடிஃபிகேஷன் இருக்கிறது. என் காரில் பின் ஸ்டெபிலைசர் பார், அதாவது வளைவில் கார் சரிவதைக் குறைக்க இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி, இல்லை. உயர் தர மொடலிலிருந்து கழற்றிய பார் ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. பாரை மட்டும் வாங்கிப் பயனில்லை, பாரை இணைக்கும் லிங்க்கைப் பூட்டும் காது உள்ள சொக்கும் (அதிர்வுதாங்கி) வேண்டும். எப்படியும் நான்கு சொக்கும் மாற்ற இருந்ததால் அந்த அளவுக்கே கயாபா கம்பனிச் சொக்காக எடுத்துவிட்டேன். ஸ்பிரிங் கம்பனி ஸ்பிரிங்தான், கை வைக்கவில்லை.

முன்சில்லு இழுக்கும் கார்களுக்கு ஒரு குணம் உண்டு: வளைவில் கொஞ்சம் விரைந்து நுழைந்தால் மூக்கு வெளியே தள்ளும். பின் பார் போட்டதும் அது பாதியாகக் குறைகிறது, காரும் சரியாமல் திரும்புகிறது. ஆனால் தடித்த பார் போடவேண்டாம். மார்கழி மழையில், வழுக்கும் ரோட்டில், பின்பக்கம் வெளியே வந்துவிடும். கம்பனி தடிப்பே காணும். இந்த வேலை முடிந்த வாரம் குடும்பத்தோடு கன்னியாவுக்குப் போய் வந்தோம். காரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத மனைவி, “என்னப்பா, கார் இப்ப முந்தி மாதிரி ஆடுதில்லையே” என்றார். பின் சீட்டில் மகள் வாந்தி எடுக்காமல் வந்தது அதைவிடப் பெரிய சான்றிதழ்.

டயருக்கு வருவோம். மொத்தச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது. காரில் இருந்தது 13 அங்குல இரும்பு ரிம்மில் 175/70 டயர் (அகலம் 175 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 70 வீதம்). அதைக் கழற்றி, பாவித்த டொயோட்டா 14 அங்குல அலோய் ரிம்மும் 185/60 டயரும் போட்டேன். கணக்குப் போட்டால் பழைய டயரின் முழு விட்டம் சுமார் 575 மில்லிமீற்றர், புதியது 578. வேகமானி பிழை காட்டாது, மட்காட்டில் உரசாது. பக்கச்சுவர் சற்றுக் குட்டை என்பதால் திரும்பும்போது டயர் நெளிவது குறைவு. ரிம் எடுக்கும்போது நான்கு நட்டு, 100 மில்லிமீற்றர் வட்டம் என்பதோடு நடு ஓட்டை 54.1 மில்லிமீற்றரா என்றும் பாருங்கள். ஹொண்டா ரிம்மில் அது 56.1, வளையம் போடாமல் பூட்டினால் ஸ்டியரிங் நடுங்கும். 16 அங்குலம் போட்ட 110களும் ஊரில் ஓடுகின்றன. நின்றால் அழகுதான். பாரமான ரிம்மைச் சுழற்றவும் நிறுத்தவும் இந்தச் சின்ன எஞ்சினும் பிரேக்கும் படும் பாட்டை ஓட்டுபவர்தான் சொல்லவேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டயர்களில் பூ (ரோட்டில் படும் பக்கத்தின் வரிகள்) நன்றாக இருக்கும், வயது போயிருக்கும். நமது வெயிலில் அந்த றப்பர் இன்னும் சீக்கிரம் இறுகும். இறுகிய டயரோடு மழையில் பிரேக் அடிக்கிற துணிச்சல் எனக்கில்லை. நகருக்குள் மான்கள் நினைத்த இடத்தில் ரோட்டைக் கடக்கும் ஊர் இது.

பிரேக்கில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நல்ல பாட், முன் டிஸ்க்கைக் கடைந்து மட்டம் செய்தது, பின் டிரம்மைச் சுத்தம் செய்து சரிப்படுத்தியது. அத்தோடு பிரேக் எண்ணெய். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் 230 பாகை செல்சியஸாவது தாங்கவேண்டும், ஈரம் ஏறினால் அந்த எல்லை 155க்கு இறங்கலாம். கடற்கரை ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வீண்செலவு இல்லை. மாற்றியதும் பெடல் இறுகி, கால் வைத்த இடத்தில் பிடித்தது.

கியர். இதைத்தான் நண்பர்களுக்கு முதலில் சொல்வேன், ஏனென்றால் செலவு ஒரு குடும்பச் சாப்பாட்டுக் காசுகூட வராது. 110இன் கியர் கேபிளால் வேலை செய்வது. கேபிள் முனையில் இருக்கும் சின்ன புஷ் தேய்ந்தால் லீவர் சோற்றுக்குள் அகப்பை விட்டதுபோல ஆடும். அதை மாற்றி, கியர் எண்ணெயையும் மாற்றினேன். இப்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போடுவதற்காகவே வேகத்தைக் குறைத்துக் கூட்டத் தோன்றுகிறது. உட்துறைமுக வீதியில் மாலையில் ஓட்டும்போது தேவைக்கு மேல் கியர் மாற்றுகிறேன் என்று மகன் குற்றம் சாட்டுகிறான்.

எஞ்சினுக்குச் செய்ததெல்லாம் பராமரிப்புதான்: திரொட்டில் சுத்தம், பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, டைமிங் பெல்ட். 95 ஒக்டேன் ஊற்றிப் பார்த்தேன், மாதச் செலவு கூடியதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. லீற்றருக்கு 11, 12 கிலோமீற்றர் ஓடுகிறது. புகைப் பரிசோதனையும் சிக்கலில்லை.

இரவு வெளிச்சம் குஷியோடு சேர்ந்ததா என்று கேட்பீர்கள். கந்தளாயிலிருந்து ஹபரணை வரை யானை நிற்கும் ரோட்டில் இரவில் ஓட்டியவர் கேட்கமாட்டார். பழைய வயரிங்கில் ஹெட்லைட்டின் மின்சாரம் முழுவதும் சுவிட்ச் வழியாகப் போய்த் தேய்ந்து வருகிறது. மல்டிமீற்றர் வைத்துப் பார்த்தால் எஞ்சின் ஓடும்போது பெற்றரியில் 13.8 வோல்ட், பல்பில் 12.4. பத்து வீதம்தானே என்று நினைக்கவேண்டாம். ஹலோஜன் பல்பில் வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது வீதம் குறையும். சுவிட்ச் வழியாகப் போகாமல் பெற்றரியிலிருந்து நேரே பல்புக்கு மின்சாரம் விட இரண்டு ரிலே, பெற்றரிக்குப் பக்கத்தில் ஒரு பியூஸ், தடித்த வயர். எலெக்ட்ரிஷியன் அரை நாளில் முடித்துவிட்டார். பல்பு அதே 60/55 வோட் ஹலோஜன்தான். ஹலோஜனுக்குச் செய்த விளக்குக்குள் எல்ஈடி போட்டு எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும் வேலை எனக்குப் பிடிக்காது.

ஓட்டுநர் இருக்கையின் பஞ்சு அமிழ்ந்திருந்தது. குஷன் கடையில் பக்கங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டேன். வளைவில் உடம்பு வழுக்காமல் இருந்தாலே கார் கையில் இருக்கிற உணர்வு வருகிறது. கதவுகளில் புதிய ஸ்பீக்கர், புளூடூத் செட் ஒன்றும் போட்டேன். அது பிள்ளைகளின் இலாகா, எனக்குக் கருத்துச் சொல்ல அனுமதியில்லை.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன எதைத் தொடங்கும் முன்னும் காரைத் தூக்கி அடியைப் பாருங்கள். உப்புவெளி, சல்லி, நிலாவெளிப் பக்கம் கடலோடு ஒட்டி நிற்கும் கார்களில் துரு மேலே தெரிவதற்கு முன் கீழே வேலையை முடித்திருக்கும். ஸ்ட்ரட் மவுன்ட் அருகில் ஓட்டை விழுந்த காருக்கு நல்ல சொக் போடுவது வீண். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுகிறேன், மாரி தொடங்கும் முன் துருவைத் தடுக்கும் அண்டர்சீல் அடிக்கிறேன்.

இத்தனையும் ஒரே நேரத்தில் செய்யவில்லை. போனஸ், சீட்டுக் காசு என்று கை வந்தபோது ஒவ்வொன்றாக. புதிதாகத் தொடங்குகிறவர் கியர் புஷ், பிரேக் எண்ணெய், வீல் அலைன்மென்ட் மூன்றையும் முதல் மாதத்தில் செய்துவிட்டு டயருக்குக் காசு சேர்க்கலாம். பின் பார் கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டாலும் புதிய சொக்கோடு கார் நன்றாகவே இருக்கும். என் பக்கத்தில் இப்போது முன் லோவர் ஆர்ம் புஷ் மறுபடி சத்தம் போடத் தொடங்கியிருக்கிறது. சாமான் வாங்கி டிக்கியில் கிடக்கிறது, தவணை விடுமுறை வந்ததும் கராஜுக்குப் போகவேண்டும்.