மாநில கோர்ட்டா, ஃபெடரல் கோர்ட்டா: அமெரிக்க வழக்குகளின் முதல் சண்டை

1977-ல் நியூயார்க்கை விட்டு அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் ஓக்லஹோமாவில் விபத்தில் சிக்கியது. பின்னால் வந்த கார் மோதியதில் அவர்களுடைய ஆடி கார் தீப்பிடித்து, தாயும் இரண்டு பிள்ளைகளும் படுகாயமடைந்தார்கள். பெட்ரோல் டேங்க் அமைப்பே கோளாறு என்பது வழக்கு. பெரிய தொகை தரக்கூடியவர்கள் காரைத் தயாரித்த நிறுவனமும் இறக்குமதி செய்த ஃபோக்ஸ்வேகனும்தான். அப்படியிருந்தும் வக்கீல்கள் நியூயார்க்கில் காரை விற்ற டீலரையும் அந்த வட்டார விநியோகஸ்தரையும் விடாமல் சேர்த்தார்கள்.

காரணம் பணமில்லை. வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்தால், மாநிலச் சட்டப்படியான வழக்கைக்கூட ஃபெடரல் கோர்ட்டுக்கு, அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்துக்கு, கொண்டுபோக முடியும். இன்றைய கணக்கில் கேட்கும் தொகை 75,000 டாலரைத் தாண்ட வேண்டும். ஆனால் பிரதிவாதிகளில் ஒருவர் வாதியின் மாநிலத்தவராக இருந்தாலும் அந்த வழி அடைபட்டுவிடும். 1806-லிருந்தே இதுதான் விதி. குடும்பம் இன்னும் அரிசோனா போய்ச் சேரவில்லை, ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் நியூயார்க்வாசிகள். டீலரும் நியூயார்க். வழக்கு ஓக்லஹோமாவின் க்ரீக் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) மாநில கோர்ட்டிலேயே நின்றது. அடிபட்டவர்களுக்குத் தாராளமாக அள்ளிக் கொடுக்கும் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) என்று அந்தக் கவுன்டிக்குப் பெயர்.

டீலரும் விநியோகஸ்தரும் 'எங்களை ஓக்லஹோமாவுக்கு இழுக்க முடியாது' என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1980-ல் ஜெயித்தார்கள். சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பை ஒரு மாநிலத்தின் அதிகாரம் எதுவரை என்ற பாடமாகத்தான் படிக்கிறார்கள். நடைமுறையில் நடந்ததோ வேறு: நியூயார்க்காரர்கள் விலகியதும் வழக்கு அதே ஓக்லஹோமாவில் உள்ள டல்சா நகர ஃபெடரல் கோர்ட்டுக்கு மாறியது. அங்கே ஜூரி கார் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. க்ரீக் கவுன்டியிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தரப்பும் எதற்காக அவ்வளவு மல்லுக்கட்டின என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் ஊரில் மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஒரே ஏணி. மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் அதிலேயே ஏறும். அமெரிக்காவில் ஏணி இரண்டு. எதில் ஏறுவது என்று முதலில் தேர்ந்தெடுப்பவர் வாதி. மாநில கோர்ட்டில் போட்ட வழக்கை, தகுதி இருந்தால், பிரதிவாதி 30 நாளுக்குள் ஃபெடரலுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதற்கு ரிமூவல் என்று பெயர். வெளியூர்க்காரனுக்கு உள்ளூர் கோர்ட்டில் ஓரவஞ்சனை நடந்துவிடக் கூடாது என்ற பயத்தில் வந்த ஏற்பாடு இது. அதனால்தான் சொந்த மாநிலத்திலேயே வழக்கைச் சந்திக்கும் நிறுவனம் 'நான் வேறு மாநிலம்' என்ற காரணத்தை வைத்து மாற்ற முடியாது.

சரி, கோர்ட் மாறினால் சட்டமும் மாறுமா? ஒரு காலத்தில் மாறியது. கென்டக்கியில் ஒரு டாக்ஸி கம்பெனி ரயில் நிலையத்தில் தான் மட்டுமே சவாரி எடுக்க ரயில்வேயோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. கென்டக்கி நீதிமன்றங்களில் அப்படிப்பட்ட ஏகபோக ஒப்பந்தம் செல்லாது. உடனே கம்பெனியைக் கலைத்துவிட்டு, அதே முதலாளிகள் டென்னசியில் புதிதாகப் பதிவு செய்தார்கள். 'நாங்கள் வெளிமாநிலம்' என்று ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே மாநிலத் தீர்ப்புகளை ஒதுக்கிவிட்டுப் பொதுவான சட்டக் கோட்பாட்டைப் பின்பற்றினார்கள். 1928-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பத்து வருஷத்தில், 1938-ல், ஈரி ரயில்வே வழக்கில் நீதிபதி பிராண்டைஸ் இந்த வித்தைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். இப்போது மாநிலச் சட்ட வழக்கென்றால் ஃபெடரல் நீதிபதியும் அந்த மாநிலச் சட்டத்தையே பார்க்க வேண்டும்.

ஆக, இன்றைய வித்தியாசம் ஆளிலும் நடைமுறையிலும்தான். ஃபெடரல் நீதிபதியை ஜனாதிபதி நியமிக்க, செனட் ஒப்புதல் தர வேண்டும், பதவி ஆயுளுக்கும். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் நீதிபதி கட்சி வேட்பாளராகவே தேர்தலில் நிற்கிறார். நாளை தன் முன் வாதாடப்போகும் வக்கீலிடமே இன்று நன்கொடை வாங்குகிறார். கேட்கவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சட்டப்படி சரி. ஜூரியைப் பொறுத்தவரை, ஃபெடரலில் சிவில் தீர்ப்பும் ஒருமனதாக இருக்க வேண்டும், தரப்புகளே வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய. கலிஃபோர்னியா மாநில கோர்ட்டில் 12 பேரில் 9 பேர் போதும். மாநில ஜூரி ஒரே கவுன்டியிலிருந்து வருகிறது. ஃபெடரல் ஜூரியைப் பல கவுன்டிகளிலிருந்து எடுக்கிறார்கள், அதில் உள்ளூர்க் கோபம் நீர்த்துப்போகிறது.

இதைவிடப் பெரிய சல்லடை ஜூரிக்கு முன்பே வருகிறது. உச்ச நீதிமன்றத்தின் 2007, 2009 தீர்ப்புகளுக்குப் பிறகு, ஃபெடரலில் மனு போடும்போதே நம்பத்தக்க விவரங்களை எழுதியாக வேண்டும். ஆவணங்களெல்லாம் கம்பெனியின் பூட்டிய அலமாரியில் இருக்கும்போது அந்த விவரத்துக்கு வாதி எங்கே போவார்? இவ்வளவு கண்டிப்பு பல மாநிலங்களில் கிடையாது. நிபுணர் சாட்சியத்தை நீதிபதியே முன்கூட்டி வடிகட்டும் 1993-ன் டாபர்ட் விதியும் நிறுவனங்களுக்குத்தான் தோது. நியூயார்க் மாநில கோர்ட் இன்னும் 1923-ன் பழைய ஃபிரை அளவுகோலில்தான் நிற்கிறது: நிபுணரின் முறையை அந்தத் துறை பொதுவாக ஏற்றிருக்கிறதா என்பதே அதில் கேள்வி.

என் கணிப்பு: வெளியூர்க் கம்பெனியால் அடிபட்டவருக்கு மாநில கோர்ட்தான். அநியாயம் செய்தது உள்ளூர் அதிகாரமே என்றால், உதாரணமாக போலீஸ் அத்துமீறல் என்றால், ஃபெடரல் நல்லது. அடுத்த தேர்தலில் ஷெரிஃபின் (கவுன்டி போலீஸ் தலைவரின்) ஆதரவு தேவைப்படாத நீதிபதி அங்கேதான் கிடைப்பார்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெக்சாஸில் எச்1பி விசாவில் இருக்கும் இந்தியர், டெக்சாஸ் கம்பெனி மீது மாநிலச் சட்டப்படி 75,000 டாலருக்கு மேல் கேட்டு ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போடலாம், ஏனென்றால் அவர் வெளிநாட்டுக் குடிமகன். கிரீன் கார்டு கைக்கு வந்து அதே டெக்சாஸில் குடியிருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

வாதிகளுக்குப் புதிதாக ஒரு பிடியும் கிடைத்திருக்கிறது. ராயல் கேனின் நிறுவனத்தின் செல்லப்பிராணி உணவு பற்றிய மிசூரி வழக்கில், மனுவில் ஃபெடரல் சட்டமும் வந்திருந்ததால் கம்பெனி வழக்கை ஃபெடரலுக்கு மாற்றியது. வாதி அந்தப் பகுதிகளை நீக்கி மனுவைத் திருத்தினார். அப்படி நீக்கிவிட்டால் வழக்கு மாநில கோர்ட்டுக்கே திரும்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. தரப்புகள் வெவ்வேறு மாநிலமாக இருப்பதை வைத்து மாற்றிய வழக்குக்கு மட்டும் இந்தப் பிடி உதவாது. அங்கே இன்றைக்கும் டீலரைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதுதான் வழி.