யாரும் தள்ளத் தேவையில்லாத நாற்காலி: ஒரு மின்சக்கர நாற்காலியின் மதிப்புரை

மின்சக்கர நாற்காலி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, மின்கலம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத்தான். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: இதில் ஏறி, வீட்டார் துணையின்றி, எனக்குப் பிடித்த ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா? வயது 27 ஆகியும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அம்மாவோ அக்காவோ பின்னால் நின்றால், எதிரில் இருப்பவர் "இவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று அவர்களிடம்தான் கேட்பார்.

முடியும் என்பதே என் பதில். இந்த மடக்கு வகை நாற்காலியின் வலக்கைப் பக்கம் உள்ள, வண்டியை ஓட்டும் விசைக்கோல் விரல் நுனிக்கே இணங்குகிறது. விட்டால் உடனே நிற்கிறது. நடப்பவரின் வேகத்துக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால், சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டங்களின் அகன்ற பாதைகளில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் போக முடிந்தது. தள்ளுபவரின் முகத்தைத் தள்ளப்படுபவர் பார்க்க முடியாது என்பதை, பிறர் தள்ளும் சக்கர நாற்காலியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கைத்தாங்கியைப் பின்னால் மடக்கிவிட்டால் பூங்கா இருக்கைக்கு நானே நகர்ந்துகொள்ளவும் முடிகிறது. விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லாத இந்த வசதிக்குத்தான் என் முழு மதிப்பெண்.

பேருந்திலும் சிக்கல் இல்லை. ஓட்டுநர் இறங்கிவந்து சாய்தளத்தை விரித்துவிடுவார். உள்ளே, பின்புறம் பார்த்தபடி, நாற்காலியின் முதுகு தாங்குபலகையில் சாயுமாறு நிறுத்த வேண்டும். ஊரே முன்னால் பார்த்துப் போகும்போது நான் மட்டும் பின்னால் பார்ப்பது முன்பெல்லாம் கூச்சமாக இருந்தது. இப்போது அவர் எதிர் இருக்கையில் அமர்வதால், போக்குவரத்துத் துறை எங்களுக்காகவே வகுத்த ஏற்பாடு என்று தோன்றுகிறது!

குறைகள் உண்டு. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட ஐந்தடிப் பாதைகள் கடைக்குக் கடை ஏறி இறங்குவதால், முன்சக்கரங்கள் சிறியவையான இந்த நாற்காலி அங்கே திணறுகிறது. விற்பனையாளர் சொன்ன தூரத்தில் முக்கால் பங்குதான் கிடைக்கிறது. தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டுவிட்டு இன்னும் சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கலாம் என்று நினைக்கும் நேரத்தில்தான் மின்கல விளக்கு சிவக்கும். மழை பிடித்தால் விசைக்கோலைப் பிளாஸ்டிக் உறையால் மூடியாக வேண்டும். அந்த உறையைக் கடையில் தரவில்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசின் உதவித் தொழில்நுட்ப நிதி, தகுதி உள்ளவர்களுக்குச் சாதனச் செலவில் 90 விழுக்காடு வரை ஏற்கிறது. வாழ்நாள் உச்சவரம்பு 40,000 வெள்ளி. ஆனால் குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுத்துத்தான் தகுதியைக் கணக்கிடுகிறார்கள் என்பதால், வீட்டாரை விட்டுத் தனியே போவதற்கான வண்டிக்கும் வீட்டார் வருமான விவரம்தான் வேண்டியிருந்தது. அப்பா எதற்கு என்று கேட்காமல் கையெழுத்திட்டார், அம்மா கேட்டார். மணமாகாதவர்கள் பொதுவாக 35 வயதுக்குப் பிறகே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க முடிகிற ஊரில், அதுவரை எனக்குக் கிடைக்கும் தனிமை இந்த நாற்காலி போய்வரும் தூரத்துக்குள்தான் என்று அவரிடம் விளக்கினேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் இரவு மறக்காமல் மின்னேற்றியைச் செருகிவைப்பது அவர்தான்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: விசைக்கோலை எந்தப் பக்கம் பொருத்துவது என்பதைக் கடையிலேயே முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றக் கட்டணம் கேட்கிறார்கள். எந்தக் கை ஓட்டுவதற்கு வசதி என்று மட்டும் பார்க்காமல், பக்கத்தில் வருபவர் எந்தப் பக்கம் நடப்பார், அவர் பிடித்துக்கொள்ள எந்தக் கை சும்மா இருக்க வேண்டும் என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள்.