பனஞ்சாற்றின் வழவழப்பு: என்எம்ஆரா, மெத்திலேற்றமா?

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பனஞ்சாறு நேரம் போகப்போக வழவழத்துவிடும். குமரி மாவட்டத்தில் அக்கானி (பதநீர்) இறக்குபவர்களுக்கு இது பழகிய சங்கதி. சாற்றிலுள்ள சுக்ரோஸை லூக்கோனோஸ்டாக் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் டெக்ஸ்ட்ரான் என்ற பாலிசாக்கரைடாக (பல சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலியாக) மாற்றுவது இதற்கு முக்கியக் காரணம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஆய்வு செய்யும் மாணவர்கள் இதைப் பிரித்தெடுத்துவிட்டால், அடுத்த கேள்வி: சர்க்கரைகள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன?

என் கட்சி, முதலில் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சைகையை அளக்கும் முறை). சில மில்லிகிராமைக் கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீரில்) கரைத்தால் போதும்; மாதிரி அழியாது, உறையவைத்து உலர்த்தித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டெக்ஸ்ட்ரானின் ஆல்ஃபா-1,6 பிணைப்பு (ஒரு சர்க்கரையின் முதல் கார்பன் அடுத்ததின் ஆறாவது கார்பனோடு சேர்வது) என்எம்ஆர் வரைபடத்தின் அளவுகோலான பிபிஎம்மில் 4.98 அருகே முகடாகப் பளிச்சென்று தெரியும். ஆல்ஃபா-1,3 என்றால் 5.32 அருகே. இரண்டு முகடுகளின் பரப்பையும் ஒப்பிட்டால் விகிதம் கிடைக்கிறது. கரைசல் கொழகொழவென்றிருந்தால் முகடுகள் அகன்றுவிடும். அப்போது வெப்பநிலையை ஏற்றிப் பார்க்க வேண்டும். நீரின் முகடும் நகர்ந்து வழிவிடும்.

சரி, மெத்திலேற்றம், அதாவது சர்க்கரைகளில் பிணைப்பில் சேராத ஓஹெச் குழுக்களில் மெத்தில் குழுவை ஒட்டுவது, எதற்கு? 5.32-இல் சிறு முகடு தெரிகிறது என்பதற்காகவே அங்கே கிளை இருக்கிறது என்று எழுதிவிட முடியாது. 1,3 பிணைப்பு முதன்மைச் சங்கிலியிலேயே இருக்கலாம். மெத்திலேற்றி, உடைத்து, ஒடுக்கி, அசிட்டைலேற்றி ஜிசி-எம்எஸ்ஸில் (கலவையைப் பிரித்து நிறையை அளக்கும் கருவியில்) விட்டால் விடை நேராக வருகிறது (எண்கள் மெத்தில் ஒட்டிய கார்பன்களைக் குறிக்கும்): 2,4,6-ட்ரைமெத்தில் என்றால் சங்கிலி, 2,4-டைமெத்தில் என்றால் கிளை. பிணைப்பு ஆல்ஃபாவா பீட்டாவா (எந்தத் திசையில் அமைந்தது) என்பதை மட்டும் இந்த முறை சொல்லாது.

ஆனால் இதில் கைப்பக்குவம் மிக முக்கியம். ஈரம் கொஞ்சம் புகுந்தாலும் மெத்திலேற்றம் அரைகுறையாகி, இல்லாத கிளைகள் முளைக்கும். முனைச் சர்க்கரைகளும் கிளைப்புள்ளிகளும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் வருகின்றனவா என்று கட்டாயம் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாத ஆய்வேட்டின் கிளைக் கணக்கை நான் நம்ப மாட்டேன். அப்புறம், மெத்திலேற்றப் பயன்படும் மெத்தில் அயோடைடு நச்சு. புகைபோக்கி அறை இல்லாத இடத்தில் தொடவே கூடாது.

எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை முறை) மலிவுதான். அதை மட்டும் வைத்துக் கட்டமைப்பை முடிவுசெய்ய வேண்டாம்.

தயிரிலிருந்து எடுத்த பாக்டீரியாவின் பாலிசாக்கரைடில் பல சர்க்கரைகள் கலந்திருந்து, அசிட்டைல் குழுவும் ஒட்டியிருந்தால் என்எம்ஆரை விட்டுவிடவே முடியாது. மெத்திலேற்றத்தின் காரத்தில் அசிட்டைல் கழன்றுவிடும், என்எம்ஆரிலோ 2.1 பிபிஎம் அருகே அது தெரியும்.