அணை சரி, பெயர்தான் பிழை: ஒரு பீவர் மாதிரிப் பெட்டி

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக, சென்ற மாதம் அடையாற்றிலுள்ள ஒரு பொம்மைக் கடையில், பீவர் என்னும் கொறிவிலங்கு ஓடைகளில் குச்சிகளால் கட்டும் அணையை நாமே கட்டிப் பார்க்கும் பெட்டியொன்றை 850 ரூபாய்க்கு வாங்கினேன். நெகிழித் தட்டு, ஒரு கட்டு மரக்குச்சிகள், களிமண் பொட்டலம், இரண்டு ரப்பர் பீவர்கள், தமிழில் ஒரு கையேடு ஆகியவை அதில் இருந்தன.

அணைதான் இப்பெட்டியின் சிறப்பு. தட்டைச் சாய்த்து வைத்து ஒரு சொம்பு நீரை ஊற்றினால், அணையில்லாதபோது நொடிப்பொழுதில் ஓடிவிடும் நீர், குச்சிகளை அடுக்கிய பின் தேங்கி நின்று, இடுக்குகளின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. முதல் முறை நான் களிமண்ணை அப்பி ஓர் ஓட்டையும் இல்லாமல் அடைத்துவிட்டேன்; கையேடோ, பீவர் கட்டும் அணை கசியும் என்றும், நீரை நிறுத்துவதைவிடத் தாமதப்படுத்துவதே அதன் வேலை என்றும் விளக்குகிறது. செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையில் வளர்ந்த எனக்கு, மதகு இல்லாமல் கரை முழுவதுமே மிகுநீர் வழியும் கலங்கலாக இருக்கும் ஏரியாக அது தோன்றியது. பிறகு நாங்களாகவே ஒரு பிடி மணலைக் கலந்து ஊற்றினோம்; மணல் அணைக்குப் பின்னால் படிந்துவிட, தெளிந்த நீர் கீழே வந்தது. அந்த வண்டல்தான் காலப்போக்கில் புல்வெளியாகிறது. தேங்கிய நீர் நிலத்தடிக்கு இறங்குகிறது. தவளையும் மீனும் பறவையும் அங்கே கூடுகின்றன. 2015 வெள்ளத்தில் வேளச்சேரி வீட்டின் மாடியில் மூன்று நாள் இருந்தவன் என்பதால், நீர் மெல்ல இறங்குவதைப் பார்ப்பதே எனக்கு நிறைவாக இருந்தது.

கையேட்டின் பெரும்பிழை, பீவரை நெடுகிலும் ‘நீர்நாய்’ என்று குறிப்பிடுவதாகும். நீர்நாய் நம் காவிரியிலும் வாழும், மீன் தின்னும் விலங்கு, அணை கட்டாது. பீவரோ மரப்பட்டையும் இலையும் தின்னும் கொறிவிலங்கு. பற்களின் எனாமலில் இரும்பு கலந்திருப்பதால் அவை செம்மஞ்சளாக இருக்கும். ரப்பர் பொம்மைகளுக்கு வெள்ளைப் பல் வைத்திருப்பதை என் மகளே கண்டுபிடித்தாள்.

மனிதர்களைப் பற்றிக் கையேட்டில் ஒன்றரைப் பக்கமே உள்ளது. பீவரின் அடிமயிரைக் கொண்டு செய்த தொப்பிகளுக்காக ஐரோப்பாவில் அவ்விலங்கு ஏறக்குறைய அழிந்ததும், 1670-இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே கம்பெனி கனடாவில் நடத்திய தோல் வணிகத்தில் ஒரு பீவர் தோலே விலை பேசும் அலகாக இருந்ததும், கனடாவின் ஐந்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் அதன் உருவம் இடம்பெற்றிருப்பதும் நன்றாகவே சொல்லப்பட்டுள்ளன. ஆனால் 1946-இல் அர்ஜென்டினா அரசு தோலுக்காகத் தென்கோடியிலுள்ள தியெரா தெல் ஃபுவேகோவில் கொண்டுபோய் விட்ட பீவர்கள், தம்மை வேட்டையாடும் விலங்கில்லாத அந்நிலத்தில் பெருகி, வெட்டினால் எளிதில் துளிர்க்காத மரங்களைக் கொண்ட காடுகளைப் பாழாக்கியதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அணை எங்கும் நன்மையே செய்யும் என்று குழந்தை எண்ணிக்கொள்ள இது இடம் தருகிறது.

களிமண் மூன்றாம் முறையே வெடித்துவிட்டது. கொசப்பேட்டையில் பொம்மை செய்வோரிடம் ஓர் உருண்டை வாங்கி வைத்திருக்கிறோம். அது பெட்டியில் வந்ததைவிட நன்றாகப் பிடிக்கிறது.