டெஃப்லானா, சணலா, எம்-சீலா: எந்தக் கசிவுக்கு எது?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும், பின்னால் சேர்த்த சி.பி.வி.சி. (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பும் ஒரே லைனில் கலந்து கிடக்கும். கடையில் எல்லாவற்றுக்கும் டெஃப்லான் டேப்பைத்தான் நீட்டுவார்கள். மரை (திருகும் வரி) எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

மரை புதிதாக இருந்தால் டெஃப்லான் போதும். அரை அங்குலப் பித்தளைக் குழாய்க்கு மெல்லிய டேப் 8 முதல் 10 சுற்று. மரையின் முனை உங்களைப் பார்க்கட்டும். கடிகாரம் சுற்றும் திசையில், இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். திசை மாறினால் முறுக்கும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். இதன் பெரிய குறை, பின்வாங்கத் தாங்காது. குழாயின் வாய் கோணலாக நிற்கிறதே என்று கொஞ்சம் பின்னால் திருப்பினால் போச்சு, கழற்றி மறுபடி சுற்றத்தான் வேண்டும்.

அந்த இடத்தில் சணல் கெட்டிக்காரன். சிறிது பின்னால் திருப்பினாலும் பிடி விடாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீர் ஓடி அரித்த ஜி.ஐ. மரையில் டேப் மேட்டில் மட்டுமே உட்காரும். சணல் நார் பள்ளத்தையும் நிரப்பும். கம்பி பிரஷால் துருவை எடுத்து, மரை வழவழப்பாக இருந்தால் ஹேக்ஸா பிளேடால் லேசாகக் கீறி, முனையில் ஒரு மரை விட்டு மெல்லிய நாராகச் சுற்றி, மேலே மரைக்கான பேஸ்ட் தடவ வேண்டும். பேஸ்ட் இல்லாத சணல் முறைத்தண்ணீர் வரும் தெருக்களில் காய்ந்து சுருங்கி மறுபடி ஒழுகும். குடிநீர் லைனில் ஈயம் கலந்த பழைய வெள்ளை பேஸ்ட் கூடவே கூடாது. பிளாஸ்டிக் மரையிலும் சணல் வேண்டாம். ஊறி உப்பி ஃபிட்டிங்கைப் பிளந்துவிடும். அங்கே டெஃப்லான்தான், அதுவும் அளவாக. பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் கிடைத்தால் இன்னும் நல்லது.

எதைச் சுற்றினாலும் ரிஞ்ச் இரண்டு வேண்டும். ஒன்று எல்போவை (வளைவு ஃபிட்டிங்) பிடிக்க, ஒன்று திருக. ஒற்றை ரிஞ்சால் முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் ஜாயின்ட் அசைந்து, அடுத்த கசிவு பூச்சுக்குள் கிளம்பும்.

எம்-சீல் (இரண்டு பகுதியைக் கலந்து பிசையும் ஒட்டு மாவு) தற்காலிகத்துக்கு மட்டும். வெளியே அப்பிய மாவை உள்ளிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஈரத்தில் ஒட்டாது. கேட் வால்வை மூடி, தண்ணீரை வடித்து, உப்புத்தாளால் தேய்த்து உலர்த்தி, இரண்டு பகுதியையும் சம அளவில், வரி தெரியாமல் பிசைந்து அப்புங்கள். முழுப் பிடிப்புக்கு ஒரு நாள் விடுவது நல்லது.

சி.பி.வி.சி. ஒட்டில் கசிந்தால் மேலே சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) தடவிப் பயனில்லை. அந்த ஃபிட்டிங்கை வெட்டியெடுத்துவிட்டு, புது ஃபிட்டிங், துண்டு பைப், கப்ளர் (இரண்டு பைப்பை இணைப்பது) வைத்து, சி.பி.வி.சி.க்கான சொல்யூஷனிலேயே ஒட்ட வேண்டும். பி.வி.சி. சொல்யூஷன் இதற்கு ஆகாது.

வாஷ்பேசின், கீசர் ஹோஸ் நட்டில் ஒழுகினால் இது எதுவுமே வேண்டாம். அங்கே அடைப்பது மரை அல்ல, உள்ளே இருக்கும் ரப்பர் வாசர். அதை மாற்றி, கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று.